உபுண்டுவில் ஆப்ட்: மென்பொருளை நிறுவுவதிலிருந்து சுத்தமாக நீக்குவது வரை

உபுண்டு, டெபியன், லினக்ஸ் மின்ட் மூன்றிலும் மென்பொருளை நிறுவ, புதுப்பிக்க, நீக்க ஆப்ட் என்ற ஒரே கருவி போதும். கட்டளைகள் குறைவு, ஒரு மாலையில் பழகிவிடலாம். அப்படியும் புதியவர்கள் திரும்பத் திரும்ப இரண்டு இடங்களில்தான் சிக்குகிறார்கள். ஒன்று, படிகளை வரிசை மாற்றிச் செய்வது. இன்னொன்று, திரையில் ஆப்ட் கேட்கும் கேள்வியைப் படிக்காமலே என்டரைத் தட்டுவது. இந்த இரண்டையும் மனதில் வைத்தே வழிகாட்டியை எழுதியிருக்கிறேன்.

கட்டளைகளை ஒலிப்பின்படி தமிழில் கொடுத்திருக்கிறேன். டெர்மினலில் ஆங்கிலத்தில், எல்லாம் சிறிய எழுத்தில் தட்டுங்கள். சூடோ என்பது எஸ்-யூ-டி-ஓ, கட்டளையை நிர்வாக உரிமையோடு ஓட்டச் சொல்வது. ஆப்ட் என்பது ஏ-பி-டி. சொற்களுக்கு நடுவே ஓர் இடைவெளி விட வேண்டும்.

## 1. தொடங்கும் முன் சரிபார்க்க வேண்டியவை

கன்ட்ரோல், ஆல்ட், டி மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டெர்மினல் திறக்கும். உங்கள் கணக்குக்கு நிர்வாக உரிமை இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். 'குரூப்ஸ்' என்று தட்டினால் வரும் பட்டியலில் சூடோ என்ற சொல் இருந்தால் சரி. உபுண்டுவை நிறுவும்போது உருவாக்கிய முதல் கணக்குக்கு இந்த உரிமை தானாகவே கிடைத்திருக்கும். டெபியனில், நிறுவும்போது ரூட் என்ற முழு அதிகாரக் கணக்குக்குத் தனிக் கடவுச்சொல் கொடுத்திருந்தால் உங்கள் கணக்கு சூடோ குழுவில் இருக்காது. முதலில் அதைச் சேர்த்துவிட்டு வாருங்கள்.

அடுத்தது வட்டில் இடம். 'டிஎஃப் -ஹெச்' என்று தட்டி, சாய்கோடு மட்டும் இருக்கும் வரியைப் பாருங்கள். நிறுவல் நடுவில் இடம் தீர்ந்துபோனால் பேக்கேஜ்கள் (மென்பொருள் வரும் பொதிகள்) அரைகுறையாக நின்றுவிடும். அதைச் சரிசெய்வதைவிட முன்னாலேயே பார்த்துக்கொள்வது எளிது.

மூன்றாவதாக, உங்கள் உபுண்டுவின் பதிப்பு எண். எல்டிஎஸ் எனப்படும் நீண்ட கால ஆதரவுப் பதிப்புகளுக்கு வழக்கமான ஆதரவு 5 ஆண்டு, இடைப்பட்ட பதிப்புகளுக்கு 9 மாதம். ஆதரவு முடிந்த பதிப்பின் பேக்கேஜ்களைப் பின்னர் பழைய பதிப்புகளுக்கான தனிச் சர்வருக்கு மாற்றிவிடுவார்கள். அப்புறம் எதை இறக்கப் போனாலும் 404, அதாவது கோப்பு அங்கே இல்லை என்ற பிழைதான் வரும். அந்த நிலையில் ஆப்டோடு போராடாதீர்கள், முதலில் பதிப்பை மாற்றுங்கள்.

இன்னொன்று. சூடோ கடவுச்சொல் கேட்கும்போது நீங்கள் தட்டும் எழுத்து எதுவும் திரையில் தெரியாது, நட்சத்திரக் குறிகூட வராமல் போகலாம். விசைப்பலகை வேலை செய்யவில்லை என்று நினைத்துப் பலர் டெர்மினலையே மூடிவிடுகிறார்கள். முழுதாகத் தட்டி என்டரை அழுத்துங்கள், போதும்.

## 2. முதலில் பட்டியலைப் புதுப்பியுங்கள்

சூடோ ஆப்ட் அப்டேட்

இந்தக் கட்டளை எந்த மென்பொருளையும் புதுப்பிக்காது. ரெப்போ எனப்படும் சர்வர்களில் என்னென்ன பேக்கேஜ்கள், எந்தப் பதிப்பில், எந்த முகவரியில் இருக்கின்றன என்ற பட்டியலை மட்டும் உங்கள் கணினிக்குக் கொண்டுவரும். நிறுவல், மேம்படுத்தல் எல்லாமே இந்தப் பட்டியலை வைத்துத்தான் நடக்கும்.

இதை முதலில் செய்யச் சொல்வதற்குக் காரணம் உண்டு. பட்டியல் மூன்று மாதப் பழையது என்று வைத்துக்கொள்வோம். அதில் குறித்திருக்கும் பதிப்பை ஆப்ட் சர்வரில் போய்த் தேடும். அங்கே அதற்குள் புதிய பதிப்பு வந்து, பழைய கோப்பை எடுத்திருப்பார்கள். விளைவு, 404. புதிதாக நிறுவிய உபுண்டுவில் முதல் பேக்கேஜே இறங்க மறுப்பது பெரும்பாலும் இதனால்தான்.

ஓடும் வரிகளில் 'ஹிட்' என்றால் பட்டியல் மாறவில்லை, 'கெட்' என்றால் புதியது இறங்குகிறது. இரண்டும் நல்லது. டபிள்யூ என்று தொடங்குவது எச்சரிக்கை, ஈ என்று தொடங்குவது பிழை. ஈ வரி வந்தால் அதைச் சரிசெய்யாமல் அடுத்த படிக்குப் போகாதீர்கள்.

பழைய மடிக்கணினிகளில் அடிக்கடி பார்க்கும் ஒரு பிழை, ரிலீஸ் கோப்பு 'இன்னும் செல்லுபடியாகவில்லை' என்று ஆங்கிலத்தில் வரும் வரி. ரெப்போவில் கோளாறு இருக்காது. மதர்போர்டு பேட்டரி தீர்ந்து கணினியின் கடிகாரம் பின்னால் போயிருக்கும். ஆப்டின் கணக்கில் அந்தக் கோப்பு எதிர்காலத்தில் கையெழுத்திடப்பட்டது, அதனால் நம்ப மறுக்கிறது. தேதியையும் நேரத்தையும் சரிசெய்துவிட்டு மறுபடி ஓட்டுங்கள், போய்விடும்.

## 3. பேக்கேஜின் சரியான பெயரைக் கண்டுபிடியுங்கள்

மென்பொருளை நாம் அழைக்கும் பெயரும் பேக்கேஜின் பெயரும் எப்போதும் ஒன்றாக இருக்காது. பைத்தானின் பிப் வேண்டும் என்றால் பேக்கேஜ் பெயர் பைத்தான்3-பிப். ஊகித்துத் தட்டாமல் தேடுங்கள்:

ஆப்ட் சர்ச் விஎல்சி

விளக்கத்தில் அந்தச் சொல் வரும் பேக்கேஜையெல்லாம் இது கொட்டும். பட்டியல் நீண்டுபோனால், பெயரில் மட்டும் தேடச் சொல்லும் '--நேம்ஸ்-ஒன்லி' விருப்பத்தைச் சேர்த்துக்கொள்ளுங்கள். தேடுவதற்குச் சூடோ தேவையில்லை. கணினியில் எதையும் மாற்றாத கட்டளைகளைச் சூடோ இல்லாமல் ஓட்டிப் பழகுங்கள், நல்ல பழக்கம்.

பெயர் கிடைத்ததும் நான் தவறாமல் ஓட்டுவது இது:

ஆப்ட் பாலிசி விஎல்சி

ஏற்கெனவே நிறுவியிருக்கிறதா, இப்போது நிறுவினால் எந்தப் பதிப்பு வரும், எந்த ரெப்போவிலிருந்து வரும் என்ற மூன்றையும் நாலைந்து வரிகளில் காட்டிவிடும். 'ஆப்ட் ஷோ' இன்னும் விரிவானது. விளக்கம், அளவு, சார்ந்திருக்கும் பேக்கேஜ்கள் எல்லாம் வரும்.

பேக்கேஜைக் கண்டுபிடிக்க முடியவில்லை என்று பிழை வந்தால் இந்த வரிசையில் பாருங்கள்: பெயரில் எழுத்துப்பிழை உண்டா, இரண்டாம் படியைச் செய்தீர்களா, யுனிவர்ஸ் என்ற ரெப்போப் பகுதி திறந்திருக்கிறதா. விஎல்சி உட்பட ஏராளமான பேக்கேஜ்கள் உபுண்டுவில் யுனிவர்ஸ் பகுதியில்தான் இருக்கின்றன. மூன்றும் சரி என்றால் அந்த மென்பொருள் ரெப்போவிலேயே இல்லை என்று அர்த்தம். கூகுள் குரோம் அப்படித்தான்.

## 4. நிறுவுங்கள், ஆனால் கேள்வியைப் படித்த பிறகு

சூடோ ஆப்ட் இன்ஸ்டால் விஎல்சி

என்டர் தட்டியதும் ஆப்ட் கணக்குப் போட்டு ஒரு சுருக்கத்தைக் காட்டி நிற்கும். இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு இடத்தில் நிதானிப்பதென்றால் இங்கே நிதானியுங்கள்.

முதலில், கூடவே நிறுவப்படும் பேக்கேஜ்களின் பட்டியல். விஎல்சி தனியாக ஓடாது, வீடியோவைப் பிரித்துப் படிக்கும் நூலகங்கள் பல அதற்கு வேண்டும். அதனால் பட்டியல் நீளமாக இருப்பதில் தவறில்லை. அடுத்தது, 'சஜெஸ்டட்' என்ற தலைப்பில் வரும் பேக்கேஜ்கள். இவை பெயரளவுக்குத்தான், தானாக நிறுவப்படாது.

பிறகு, சில நேரம் மட்டும் வரும் ஒரு பகுதி: நீக்கப்படும் பேக்கேஜ்கள். ஒன்றை நிறுவச் சொன்னதற்கு ஆப்ட் இன்னொன்றை நீக்கப் போகிறேன் என்கிறது. சிலசமயம் நியாயமான காரணம் இருக்கும், ஒரே வேலையைச் செய்யும் இரண்டு பேக்கேஜ்கள் சேர்ந்து இருக்க முடியாதபோது பழையது போகும். ஆனால் அந்தப் பட்டியலில் உங்கள் டெஸ்க்டாப்பின் பெயரோ, உபுண்டு-டெஸ்க்டாப் என்ற பேக்கேஜோ, அறிமுகமில்லாத இருபது முப்பது பெயர்களோ இருந்தால் நிறுத்திவிடுங்கள்.

2021 இறுதியில் நடந்தது இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. பாப் ஓஎஸ் என்ற லினக்ஸில் ஸ்டீம் விளையாட்டுச் செயலியை நிறுவப் போன ஒரு பிரபல யூடியூபரின் டெஸ்க்டாப் முழுதும் அழிந்துபோனது. ரெப்போவில் அந்நேரம் இருந்த ஒரு சார்புக் குளறுபடியால், ஸ்டீமை நிறுவ வேண்டுமானால் டெஸ்க்டாப்பை நீக்கியாக வேண்டும் என்று ஆப்ட் முடிவெடுத்தது. அடிப்படையான பேக்கேஜ்கள் போகப்போகின்றன என்று எச்சரித்தது, ஒரு முழு வாக்கியத்தைத் தட்டி உறுதிசெய்யச் சொன்னது. அவரும் தட்டினார். அவர் அனுபவமில்லாதவர் அல்ல. நிறுவல் என்றாலே ஆம், ஆம் என்று போய்க்கொண்டே இருக்கும் பழக்கம் நம் எல்லோருக்கும் இருக்கிறது. அதனால்தான் இவ்வளவு வலியுறுத்துகிறேன்.

சுருக்கத்தின் கடைசியில், எத்தனை எம்பி இறங்கும், வட்டில் எவ்வளவு இடம் பிடிக்கும் என்று வரும். மொபைல் டேட்டாவில் இருப்பவர்கள் இந்த வரியைப் பார்த்துக்கொள்வது நல்லது. அதன் பின் அடைப்புக்குறிக்குள் பெரிய ஒய், சிறிய என். பெரிய எழுத்தில் இருப்பதே இயல்பான பதில், வெறும் என்டர் தட்டினால் ஆம் என்று பொருள். சந்தேகம் இருந்தால் என் தட்டுங்கள். எதுவும் மாறியிருக்காது, நிதானமாக யோசித்துத் திரும்ப வரலாம்.

கேள்வியே கேட்காமல் ஓடச் செய்யும் '-ஒய்' என்ற விருப்பத்தை இணையத்தில் பல குறிப்புகள் பழக்கமாகவே சேர்த்துக் கொடுக்கின்றன. ஸ்கிரிப்டில் அதற்கு இடமுண்டு. நீங்கள் டெர்மினல் முன்னால் உட்கார்ந்திருக்கும்போது அதை எடுத்துவிட்டு ஓட்டுங்கள். மாறாக '-எஸ்' சேர்த்தால், என்ன நடக்கும் என்பதை மட்டும் காட்டிவிட்டு எதையும் தொடாமல் முடித்துக்கொள்ளும். பெரிய மாற்றத்துக்கு முன் இந்த ஒத்திகை மிகவும் பயன்படும்.

ஒரே கட்டளையில் பல பேக்கேஜ்களையும் நிறுவலாம். தமிழ்99 விசைப்பலகையும் ஒரு தமிழ் எழுத்துருவும் வேண்டும் என்றால்:

சூடோ ஆப்ட் இன்ஸ்டால் ஐபஸ்-எம்17என் ஃபான்ட்ஸ்-லோஹித்-டிஏஎம்எல்

எழுத்துரு பேக்கேஜின் கடைசிப் பகுதி டி-ஏ-எம்-எல் என்ற நான்கு எழுத்துகள்தான். நிறுவிய பின் ஒருமுறை லாக்அவுட் செய்து உள்ளே வந்து, அமைப்புகளில் விசைப்பலகைப் பகுதியில் தமிழ்99-ஐச் சேர்த்துக்கொள்ளுங்கள். ஆப்ட் பேக்கேஜை வைப்பதோடு சரி, அமைப்பது உங்கள் வேலை.

## 5. இணையத்தில் இறக்கிய டெப் கோப்பு

ரெப்போவில் இல்லாத மென்பொருள் பல நேரம் டெப் கோப்பாக, அதாவது பெயர் டி-இ-பி என்று முடியும் தனிப் பேக்கேஜாகக் கிடைக்கும். அதையும் ஆப்டைக் கொண்டே நிறுவுங்கள். பழைய குறிப்புகள் சொல்லும் 'டிபிகேஜி -ஐ' அந்த ஒரு கோப்பை மட்டும் நிறுவும், அதற்கு வேண்டிய மற்ற பேக்கேஜ்களைத் தேடிக் கொண்டுவராது. பாதியில் நிற்பீர்கள்.

கோப்பு இருக்கும் அடைவுக்குள் போய், 'சூடோ ஆப்ட் இன்ஸ்டால்' என்று தட்டி, கோப்பின் பெயருக்கு முன்னால் ஒரு புள்ளியும் ஒரு சாய்கோடும் வையுங்கள். அந்தப் புள்ளி-சாய்கோடு இல்லாவிட்டால் ஆப்ட் அதை ரெப்போவில் இருக்கும் பேக்கேஜின் பெயர் என்று நினைத்துத் தேடி, கிடைக்கவில்லை என்று சொல்லிவிடும்.

முடிவில், இறக்கம் 'சாண்ட்பாக்ஸ்' இல்லாமல் ரூட்டாக நடந்தது என்று ஒரு குறிப்பு வரலாம். உங்கள் வீட்டு அடைவுக்குள் இருக்கும் கோப்பை ஆப்டின் தனிப் பயனர் கணக்கால் படிக்க முடியவில்லை என்பதுதான் அதன் பொருள். நிறுவல் சரியாகவே முடிந்திருக்கும்.

## 6. மேம்படுத்துதல்

சூடோ ஆப்ட் அப்டேட்
சூடோ ஆப்ட் அப்கிரேட்

இரண்டையும் இதே வரிசையில், வாரம் ஒருமுறையாவது ஓட்டுங்கள். அப்கிரேட் எந்தப் பேக்கேஜையும் நீக்காது, அதனால் பயமில்லாமல் ஓட்டலாம். நீக்கினால்தான் மேம்படுத்த முடியும் என்ற பேக்கேஜை அது அப்படியே விட்டுவிடும். 'ஃபுல்-அப்கிரேட்' தேவைப்பட்டால் நீக்கவும் செய்யும். அதை ஓட்டினால் நான்காம் படியில் சொன்ன நீக்கப் பட்டியலைக் கட்டாயம் படியுங்கள்.

சில பேக்கேஜ்கள் நிறுத்திவைக்கப்பட்டன, 'ஃபேசிங்' காரணமாகத் தள்ளிவைக்கப்பட்டன என்று உபுண்டு சொன்னால் கவலை வேண்டாம். ஒரு புதுப்பிப்பை எல்லோருக்கும் ஒரே நாளில் தராமல், சிறிது சிறிதாகத் திறந்துவிடுவது உபுண்டுவின் வழக்கம். ஏதாவது கோளாறு இருந்தால் சிலரோடு நின்றுவிடும் அல்லவா. சில நாளில் உங்கள் முறை வரும், வலுக்கட்டாயமாக நிறுவ வேண்டாம்.

நடுவில் ஓர் அமைவுக் கோப்பைப் பற்றிக் கேள்வி வரலாம்: நீங்கள் மாற்றிய கோப்பை வைத்துக்கொள்ளவா, புதியதைப் போடவா என்று. இயல்பான பதில் உங்களுடையதை வைத்துக்கொள்வது. புரியவில்லை என்றால் டி தட்டி இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டைப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள். இந்தக் கேள்வியில் நிற்பதை 'ஹேங் ஆகிவிட்டது' என்று நினைத்துக் கணினியையே அணைத்துவிடுகிறவர்கள் உண்டு. ஒன்பதாம் படியின் பாதிப் பிரச்சினைகள் இப்படித்தான் பிறக்கின்றன.

## 7. நீக்குதல்

'ரிமூவ்' மென்பொருளை நீக்கும், இடிசி அடைவில் இருக்கும் அமைவுக் கோப்புகளை விட்டுவைக்கும். 'பர்ஜ்' அவற்றையும் சேர்த்து நீக்கும். மறுபடி நிறுவும் எண்ணம் இருந்தால் ரிமூவ், அமைப்பு குழம்பிப்போய்ப் புதிதாகத் தொடங்க வேண்டுமென்றால் பர்ஜ். இரண்டுமே உங்கள் வீட்டு அடைவுக்குள் இருக்கும் மறைவு அமைவுகளைத் தொடாது. பர்ஜ் செய்து மறுபடி நிறுவியும் பழைய கோளாறு அப்படியே இருந்தால், அங்கே போய்ப் பாருங்கள்.

கூடவே வந்த நூலகங்கள் இனி யாருக்கும் தேவையில்லை என்றால் 'சூடோ ஆப்ட் ஆட்டோரிமூவ்' அவற்றை எடுத்துவிடும். இங்கும் பட்டியலைப் படித்துவிட்டுத்தான் ஒய். உங்களுக்கு வேண்டிய ஒன்று அதில் இருந்தால் 'சூடோ ஆப்ட்-மார்க் மேனுவல்' என்று தட்டி அதன் பெயரைக் கொடுங்கள். நீங்களே கேட்டு நிறுவியது என்று குறித்துக்கொண்டு, அடுத்த முறை அதன் மீது கை வைக்காது.

## 8. வெளி ரெப்போவைச் சேர்க்கும் முன்

வெளி ரெப்போவிலிருந்து வரும் ஒவ்வொரு பேக்கேஜும் ரூட் உரிமையோடு உங்கள் கணினியில் நிறுவப்படும். இன்றைக்கு மட்டுமல்ல, ஒவ்வொரு மேம்படுத்தலிலும். அதனால் மென்பொருளை உருவாக்குபவர்களே நடத்தும் ரெப்போவை மட்டும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

'ஆப்ட்-கீ' என்ற கட்டளையைச் சொல்லும் குறிப்பு பழையது, பின்பற்றாதீர்கள். ரெப்போவின் கையெழுத்தைச் சரிபார்க்க உதவும் கோப்புக்குச் சாவி என்று பெயர். அந்த முறையில் சேர்த்த சாவியால் எந்த ரெப்போவின் பேக்கேஜையும் சரி என்று சொல்ல முடியும். இப்போதைய முறையில் சாவியை /இடிசி/ஆப்ட்/கீரிங்ஸ் அடைவில் வைத்து, அந்த ஒரு ரெப்போவுக்கு மட்டும் அது செல்லும் என்று 'சைன்ட்-பை' வழியாகக் குறிப்பார்கள்.

டெபியனின் ரெப்போவை உபுண்டுவில் சேர்க்கவே சேர்க்காதீர்கள், வேறு உபுண்டுப் பதிப்பின் ரெப்போவையும்தான். அடிப்படை நூலகங்களின் பதிப்புகள் கலந்துவிட்டால் பிரித்தெடுப்பது பெரும்பாடு. குறிப்பிலிருந்து ஒட்டும் வரியில் இருக்கும் பதிப்பின் பெயர், உதாரணமாக 20.04-க்கு ஃபோகல், 22.04-க்கு ஜாமி, 24.04-க்கு நோபிள், உங்களுடையதுதானா என்று பார்த்து ஒட்டுங்கள்.

## 9. சிக்கினால் இந்த வரிசையில்

பூட்டைப் பெற முடியவில்லை என்று பிழை வந்தால், வேறொரு நிரல் இப்போது பேக்கேஜ்களில் வேலை செய்துகொண்டிருக்கிறது. கணினியைத் திறந்த சில நிமிடங்களில் இது வந்தால் பெரும்பாலும் தானியங்கிப் பாதுகாப்புப் புதுப்பிப்புதான். காத்திருங்கள். எந்த நிரல் பூட்டை வைத்திருக்கிறது என்பதை ஆப்டே எண்ணோடு சொல்லும். பூட்டுக் கோப்பை அழித்துவிடுங்கள் என்று இணையத்தில் கிடைக்கும் அறிவுரையைக் கேட்காதீர்கள். இரண்டு நிரல்கள் ஒரே தரவுத்தளத்தில் ஒரே நேரத்தில் எழுதாமல் காப்பதே அந்தப் பூட்டுதான்.

மின்சாரம் போய், அல்லது டெர்மினலை மூடி, நிறுவல் பாதியில் நின்றிருந்தால் முதலில் இது:

சூடோ டிபிகேஜி --கன்ஃபிகர் -ஏ

பிரிக்கப்பட்டு, அமைக்கப்படாமல் கிடக்கும் பேக்கேஜ்களை இது அமைத்து முடிக்கும். அதன் பிறகு:

சூடோ ஆப்ட் --ஃபிக்ஸ்-புரோக்கன் இன்ஸ்டால்

இது விடுபட்ட சார்புப் பேக்கேஜ்களைக் கொண்டுவரும், முடியாவிட்டால் சிக்கலான பேக்கேஜை நீக்கச் சொல்லும். முதல் கட்டளையை முன்னால் வைத்ததற்குக் காரணம், பாதி அமைந்தவை முடிந்தால்தான் எது உண்மையில் விடுபட்டிருக்கிறது என்று ஆப்டுக்குத் தெரியும். பெரும்பாலும் இந்த இரண்டிலேயே சரியாகிவிடும்.

'ஹோல்டு' செய்த உடைந்த பேக்கேஜ்கள் இருக்கின்றன என்று பிழை வந்தால், நீங்கள் எதையும் ஹோல்டு செய்திருக்காமலே இருக்கலாம். கேட்ட பேக்கேஜுக்கு வேண்டிய பதிப்பும் உங்களிடம் இருக்கும் பதிப்பும் ஒத்துப்போகவில்லை என்பதே அதன் சாரம். 'ஆப்ட்-மார்க் ஷோஹோல்டு' ஓட்டிப் பாருங்கள். அது காலியாக வந்தால் சந்தேகிக்க வேண்டியது எட்டாம் படியில் சேர்த்த வெளி ரெப்போ. பிழையில் பெயர் வரும் பேக்கேஜுக்கு 'ஆப்ட் பாலிசி' ஓட்டினால், பதிப்பு எங்கிருந்து வந்தது என்பது தெரிந்துவிடும்.

நேற்று ஓடிய மென்பொருள் இன்று ஓடவில்லையா? /வார்/லாக்/ஆப்ட் அடைவில் ஹிஸ்டரி.லாக் என்ற கோப்பைத் திறந்து பாருங்கள். எந்தத் தேதியில், எந்தக் கட்டளையால், எது வந்தது, எது போனது என்று வரிசையாக இருக்கும். உதவி கேட்டு யாரிடமாவது போவதாக இருந்தால், இதன் கடைசிப் பகுதியையும் பிழைச் செய்தி முழுவதையும் கொடுங்கள்.

## 10. இடமும் பட்டியலும்

இறக்கிய டெப் கோப்புகள் /வார்/கேஷ்/ஆப்ட்/ஆர்கைவ்ஸ் அடைவில் சேர்ந்து கிடக்கலாம். 'சூடோ ஆப்ட் கிளீன்' அவற்றை அழிக்கும். நிறுவிய மென்பொருளுக்கு இதனால் எந்தப் பாதிப்பும் இல்லை.

ஒரு குறிப்பிட்ட பதிப்பிலேயே ஒன்று நிற்க வேண்டுமென்றால் 'சூடோ ஆப்ட்-மார்க் ஹோல்டு', விடுவிக்க 'அன்ஹோல்டு'. பாதுகாப்புத் திருத்தங்களும் சேர்ந்து நின்றுபோகும் என்பதால் நீண்ட நாள் விட்டுவைக்காதீர்கள்.

கணினியை மாற்றும் முன், அல்லது உபுண்டுவைப் புதிதாக நிறுவும் முன், 'ஆப்ட்-மார்க் ஷோமேனுவல்' ஓட்டி வரும் பட்டியலை ஒரு கோப்பில் சேமித்து பென் டிரைவில் வையுங்கள். சார்பு நூலகங்களாக வந்தவை பெரும்பாலும் இதில் இருக்காது. உபுண்டுவோடு வந்த சில அடிப்படைப் பேக்கேஜ்களும் நீங்கள் கேட்டு நிறுவியவையும் இருக்கும். புதிய கணினியில் அப்டேட் முடித்ததும், அதிலிருந்து வேண்டிய பெயர்களை மட்டும் எடுத்து ஒரே இன்ஸ்டால் கட்டளையில் கொடுக்கலாம்.